கதைக்கு மதிப்பெண் இடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பள்ளியில் மாணவர்கள் எழுதும் கதைகளையும் அனுபவக் குறிப்புகளையும் எப்படி மதிப்பிடுவது என்பது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு மாணவியும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மொழிப்பாடம் நடத்தியும் விடைத்தாள் திருத்தியும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவன் எழுதிய ஒரு கதைக்கு நான் 20க்கு 14 மதிப்பெண் போட்டேன். அதே தாளைத் திருத்திய சக ஆசிரியர் 9 மட்டுமே போட்டார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு அனுபவம் உண்டு. எங்களில் யார் போட்டது சரி?

உங்கள் இருவரில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நீங்கள் இருவரும் ஒரே தாளில் இரண்டு வெவ்வேறு பொருள்களைத் தேடியிருக்கிறீர்கள், அதுதான் நடந்திருக்கிறது. இந்தச் சிக்கல் மிகப் பழையது. 1912ஆம் ஆண்டிலேயே டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, 100க்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. 1961இல் பால் டீடெரிக்கும் அவருடைய சகாக்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றிருந்தன. அவை கதைகள் அல்ல, கட்டுரைகள்; ஆயினும் அந்த ஆய்வின் முக்கியமான பகுதி நமக்கு அப்படியே பொருந்துகிறது. திருத்தியவர்கள் ஏன் இப்படி வேறுபட்டார்கள் என்று ஆராய்ந்தபோது, சிலர் கருத்துக்கும், சிலர் மொழிப்பிழைக்கும், சிலர் அமைப்புக்கும், சிலர் சொல்லாட்சிக்கும், சிலர் எழுதியவருக்கே உரிய தனிச்சுவைக்கும் முதலிடம் கொடுத்திருந்தது தெரியவந்தது.

ஆகையால் நீங்களும் உங்கள் சக ஆசிரியரும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணைப் பேசாமல், எந்த வரியைப் படித்தபோது மனத்தில் மதிப்பு கூடியது, எந்த வரியில் குறைந்தது என்பதை மட்டும் பேசிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் வேறுபாட்டின் காரணம் வெளிப்பட்டுவிடும். அடுத்த முறை திருத்தத் தொடங்கும் முன்பே நான்கைந்து தாள்களை மாதிரியாக எடுத்து, இருவரும் தனித்தனியே படித்து, இது உயர்ந்தது, இது நடுத்தரம், இது இன்னும் வளர வேண்டியது என்று உடன்பட்ட பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். அந்த மாதிரித் தாள்கள் மேசையிலேயே இருக்கட்டும். முப்பதாவது தாளுக்கு வரும்போது கண்ணும் மனமும் களைத்து அளவுகோல் நம்மை அறியாமல் நகர்ந்திருக்கும். அப்போது மாதிரித் தாளை மறுபடி எடுத்துப் படித்தால் அது பழைய இடத்துக்குத் திரும்பும். பெயரை மறைத்துத் திருத்துவதும் நல்லது. "இவள் எப்போதும் நன்றாக எழுதுவாள்" என்ற நினைப்பு நம் எல்லோரிடமும் வேலை செய்கிறது; கையெழுத்தின் அழகும் அப்படித்தான்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு சிறுவனின் கதையைப் படித்தால் மனம் உருகுகிறது. ஆனால் வரிக்கு வரி பிழை. பேசுவது போலவே எழுதுகிறான். வேறொரு மாணவி பிழையே இல்லாமல் எழுதுகிறாள். கதையில் ஒன்றுமே இல்லை. இருவருக்கும் எப்படி மதிப்பெண் இடுவது? – ஆறாம் வகுப்பு ஆசிரியை

அம்மா, எனக்கு வந்த கேள்விகளில் இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மாணவர்களின் தாள்கள் என் கையில் இல்லாததால், "பூட்டியிருந்த கதவு" என்ற தலைப்புக்கு இரண்டு பிள்ளைகள் எழுதக்கூடிய வரிகளை நானே எழுதிக் காட்டுகிறேன்.

முதல் தாள்: "நான் காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்குச் சென்றேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பிறகு அம்மா வந்தார். கதவைத் திறந்தார். நான் மகிழ்ச்சி அடைந்தேன்."

இரண்டாம் தாள்: "கதவு பூட்டி இருந்துச்சி. அம்மா இந்த நேரத்துல பூட்ட மாட்டாங்க. பைய எறக்கி வெச்சிட்டு பூட்ட தொட்டு பாத்தேன். சுட்டுது. ரொம்ப நேரமா அது மேல வெயில் அடிச்சிருக்கு. பக்கத்து வீட்டு பாட்டி என்ன பாத்தாங்க. ஒன்னும் சொல்லல. எப்பவும் ஏதாவது சொல்லுவாங்க."

முதல் தாளில் சிவப்பு மை படுவதற்கு இடமே இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பல் துலக்கியதும் கதவு பூட்டியிருந்ததும் ஒரே கனத்தில், ஒரே நீளத்தில் வருகின்றன. எது நிகழ்ச்சி, எது நிகழ்ச்சிக்கு முன்னால் கடந்து போக வேண்டியது என்று அந்த மாணவி இன்னும் தேர்ந்தெடுக்கத் தொடங்கவில்லை. இரண்டாம் தாளை எழுதிய சிறுவன் கதவருகிலேயே தொடங்குகிறான். பூட்டு சுடுகிறது என்ற ஒரு சொல்லால், அது அங்கே வெகு நேரமாகத் தொங்குகிறது, அம்மா போய் வெகு நேரமாகிவிட்டது என்ற செய்தியை நம்மையே ஊகிக்க வைக்கிறான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நிறுத்தாமல், எப்போதும் ஏதாவது சொல்பவர் என்று சேர்த்தவுடன் நமக்கு அடிவயிற்றில் பயம் எழுகிறது. "பயந்தேன்" என்று அவன் எங்குமே எழுதவில்லை.

வில்லியம் லபோவும் ஜோஷுவா வாலெட்ஸ்கியும் 1967இல், மக்கள் தம் வாழ்வில் நடந்ததை வாய்மொழியாகச் சொல்லும் முறையை ஆராய்ந்து, நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்வதோடு, "இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா" என்று கேட்பவருக்கு உணர்த்தும் ஒரு பகுதியும் கதையில் இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அந்தப் பகுதி இல்லையென்றால் கேட்பவர் மனத்தில் "அதனால் என்ன?" என்ற கேள்வி எழும். நடக்காததைச் சொல்வது அதற்கான வழிகளில் ஒன்று என்று லபோவ் பின்னர் விளக்கினார். வழக்கமாக நடக்க வேண்டியது இன்று நடக்கவில்லை என்றால்தானே அதைச் சொல்லத் தோன்றும்? "ஒன்னும் சொல்லல" என்ற வரி அந்த வேலையைச் செய்கிறது. உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் உடலிலும் செயலிலும் அதைப் புலப்படுத்துவது நம் மரபுக்கும் புதியதன்று. அச்சம் முதலிய எட்டு மெய்ப்பாடுகளைப் பேசுவதற்கென்றே தொல்காப்பியம் ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது.

இனி பிழைகளுக்கு வருவோம். இரண்டாம் தாளில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வட்டம் போட்டால் தாள் முழுவதும் சிவந்துவிடும்; சிறுவன் அதைப் பார்த்த மாத்திரத்தில் தனக்கு எழுதவே வராது என்று முடிவு செய்துவிடுவான். வட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டுக் காரணங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டே காரணங்கள்தாம் இருக்கின்றன. "இருந்துச்சி", "எறக்கி", "வெச்சிட்டு", "சொல்லல" என்பனவும், "பூட்டை" என்பது "பூட்ட" என்றும் "என்னை" என்பது "என்ன" என்றும் ஆனதும், பேச்சு வழக்கு அப்படியே எழுத்தில் இறங்கியதால் வந்தவை. "தொட்டுப் பார்த்தேன்", "வீட்டுப் பாட்டி" என்ற இடங்களில் வல்லினம் மிகவில்லை. முதலாவதற்கு ஒரு பாடம், இரண்டாவதற்கு ஒரு பாடம். வேற்றுமை உருபை விழுங்கினால் பொருளே மாறிவிடும் என்பதை அவன் வரியைக் கொண்டே காட்டலாம்; "பூட்ட மாட்டாங்க" என்பதில் வரும் "பூட்ட" வினை, "பூட்ட தொட்டு" என்பதில் வருவது பெயர் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு சொல். பாத்திரங்கள் பேசும் இடத்தில் அதைப் பிழையாகக் கொள்வது தவறு. நேர்கூற்றில் ஒரு பாட்டி இலக்கணத் தமிழில் பேசினால் அவர் பாட்டியாக இருக்க மாட்டார். கதை சொல்பவனின் கூற்று எந்த வழக்கில் அமைய வேண்டும் என்பதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை.

மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள் என்பதே என் பரிந்துரை: கதை சொல்லும் திறனுக்கு ஒன்று, மொழி ஒழுங்குக்கு ஒன்று. சிறுவனுக்கு முதலாவது உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் வரும். மாணவிக்கு நேர்மாறாக வரும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இருவரும் 12 வாங்கியிருப்பார்கள், இருவருக்கும் அடுத்து என்ன கற்பிக்க வேண்டும் என்பது அந்த 12இல் மறைந்துபோகும். எந்தத் தாளையும் முதல் தடவை படிக்கும்போது பேனாவை மூடி வைத்துவிடுங்கள். முதல் வாசிப்பு கதைக்கு, இரண்டாம் வாசிப்பு மொழிக்கு. நேரம் கூடுதலாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அந்தப் பூட்டின் சூடு தெரியாது.

கேள்வி: என் மகளின் கட்டுரை நோட்டில் எல்லாக் கதைகளின் கீழும் "நன்று. இன்னும் முயற்சி செய்" என்று எழுதியிருக்கிறது. எதை முயற்சி செய்ய வேண்டும் என்று அவள் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. – ஒரு தாய்

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஆசிரியர் மீது கோபம் வேண்டாம். நாற்பது நோட்டுகளுக்கு நடுவில் கை தானாக எழுதும் சொற்கள் அவை. நானும் எழுதியிருக்கிறேன், அதைவிட மோசமாகவும் எழுதியிருக்கிறேன். ஒரு சிறுமி தன் தம்பி காணாமல் போய்த் திரும்பிக் கிடைத்த மாலைப் பொழுதைப் பற்றி எழுதியிருந்தாள். அதன் கீழே "விறுவிறுப்பு போதாது" என்று குறித்தேன். அடுத்த வாரம் அவள் திருத்தி எழுதிக் கொண்டுவந்த கதையில் இடி இடித்தது, மின்னல் வெட்டியது, கறுப்பு வேனில் நான்கு பேர் வந்து தம்பியைக் கடத்தினார்கள். முதல் கதையில் ஒரு வரி இருந்தது: தம்பியின் செருப்பு மட்டும் வாசலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அவள் அதை நிமிர்த்தி வைத்தாளாம். இரண்டாவது கதையில் அந்தச் செருப்பு இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது, "அந்தச் செருப்பைப் பார்த்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நில், அப்போது வீட்டில் வேறு யார் இருந்தார்கள், என்ன சத்தம் கேட்டது என்று எழுது" என்பதுதான். அதை இன்று வரை மறக்க முடியவில்லை.

மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தால் என்ன ஆகிறது என்பதை ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்கு அவர்கள் செய்த வேலை பற்றிய குறிப்பு மட்டும், மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்தடுத்த வேலைகளில் ஆர்வத்தோடும் மேம்பட்ட திறனோடும் ஈடுபட்டார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைக் கண்ட கண் அதன் கீழே உள்ள எழுத்துக்கு இறங்குவதில்லை. அந்த ஆய்வில் இருந்தவை கதைகள் அல்ல என்றாலும், வகுப்பறையில் நோட்டைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நிமிடம் "உனக்கு எத்தனை?" என்ற சத்தம் எழுவதைக் கேட்ட எந்த ஆசிரியருக்கும் இது வியப்பாக இருக்காது.

நீங்கள் ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் பணிவாகக் கேளுங்கள்: எல்லாக் கதைக்கும் வேண்டாம், மாதத்தில் ஒரு கதைக்கு மட்டும், அவள் அடுத்து மாற்ற வேண்டிய ஒரே ஒரு இடத்தைக் கோடிட்டுக் காட்ட முடியுமா என்று. பிறகு அந்தக் கதையை அவள் மறுபடி எழுத வேண்டும். திருப்பி எழுத வாய்ப்பில்லாத குறிப்பு எவ்வளவு நல்லதானாலும் நோட்டிலேயே தங்கிவிடும்.

கேள்வி: கதை குறைந்தது 200 சொற்கள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தலாமா?

தேர்வு ஒழுங்குக்காக ஒரு வரம்பு வைக்கலாம். திறனுக்கு அது அளவாகாது. மிகச் சில வரிகளே எழுதுபவனின் தாளில் மதிப்பிடுவதற்கான சான்று குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 120 சொற்களில் கதை முடிந்துவிட்ட பிள்ளை, மீதி 80 சொற்களுக்காகக் காலையில் எழுந்து பல் துலக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கதைக்கு ஒரு ரூப்ரிக், அதாவது மதிப்பீட்டு அட்டவணை, கொடுத்திருக்கிறார்கள். உவமை, உரையாடல், வருணனை, தொடக்கம், முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். திருத்துவது எளிதாகிவிட்டது. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல வருகின்றன. அட்டவணையைக் கைவிட்டுவிடலாமா?

கைவிட வேண்டாம், திருத்தி அமையுங்கள். அட்டவணை இல்லாத இடத்தில் ஆசிரியரின் மனநிலையே அட்டவணையாகிவிடும் என்பதை முதல் கேள்வியிலேயே பார்த்தோம். பெரிய அளவில் நடக்கும் தேர்வுகளுக்கு அது இல்லாமல் முடியாது. எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் 2008இல் தொடங்கிய நாப்லான் என்ற நாடு தழுவிய பள்ளித் தேர்வில் கதை எழுத்துக்கு வகுத்த அளவுகோல், வாசகரைக் கவர்தல், கட்டமைப்பு, கருத்து, பாத்திரமும் களமும், சொல்வளம், தொடர்பு, பத்தி அமைப்பு, வாக்கியம், நிறுத்தக்குறி, எழுத்துப்பிழையின்மை என்று பத்துக் கூறுகளைக் கொண்டது. மொத்தம் 47 மதிப்பெண். அதில் வாசகரைக் கவர்வதற்கு 6 வரை உண்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வாக்கியம், நிறுத்தக்குறி, எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்து 17 ஆக, பாத்திரமும் களமும் சேர்ந்து 4 மட்டுமே. எதை எண்ணுவது எளிதோ அதற்கு எடை கூடிவிடும் ஆபத்து எந்த அட்டவணையிலும் இருக்கிறது.

உங்கள் பள்ளி அட்டவணையில் நான் மாற்றச் சொல்வது அதன் பெயர்ச்சொற்களை. "உவமை – 2 மதிப்பெண்" என்று எழுதினால், மாணவர்கள் உவமையைக் கொண்டுவந்து போடுவார்கள். "காற்று தென்றலைப் போல வீசியது" என்று ஒரு தாளில் படித்திருக்கிறேன். தென்றலே காற்றுதான், ஆனால் "போல" வந்துவிட்டது, மதிப்பெண்ணும் விழுந்துவிட்டது. அந்த இடத்தில், "ஒரு பொருளையோ இடத்தையோ வாசகர் கண்முன் நிறுத்துகிறது" என்று எழுதுங்கள். அதை உவமையால் செய்வதா, ஒரு வினைச்சொல்லால் செய்வதா என்பது எழுதுபவரின் விருப்பம். "உரையாடல் உண்டா" என்பதை "பேச்சின் மூலம் ஆள் தெரிகிறாரா" என்று மாற்றுங்கள். எத்தனை இருக்கிறது என்று கேட்காமல் என்ன செய்கிறது என்று கேட்கும் அட்டவணையே கதைக்கு ஏற்றது. கூறுகளும் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். பத்துக் கட்டங்களை நிரப்பும் ஆசிரியர், தாளைப் பற்றிய தன் பொது எண்ணத்தையே பத்து முறை எழுதிவிடுவது வழக்கம்.

அட்டவணை இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு தாள்களை அருகருகே வைத்து எது சிறந்த கதை என்று மட்டும் சொல்ல வேண்டும். பல ஆசிரியர்கள் பல இணைகளைப் பார்த்துச் சொன்ன முடிவுகளிலிருந்து முழு வரிசையும் கணக்கிடப்படும். 1927இல் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் வகுத்த ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு அடிப்படை. இன்று கணினி அந்தக் கணக்கைச் செய்துவிடுகிறது. ஒரு தாளுக்கு நேராக எண் போடுவதில் தடுமாறும் நாம், இரண்டில் எது மேல் என்பதில் பெரும்பாலும் உடன்படுகிறோம். ஆண்டுக்கு ஓரிரு முறை முழு வகுப்பின் நிலையை அறிய இது உதவும். ஆனால் உங்கள் மாணவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வரிசை சொல்லாது. அதற்கு நீங்கள் அவன் தாளைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: என் மாணவர்களின் கதைகளில் எல்லா வாக்கியமும் "பிறகு" என்றே தொடங்குகிறது. இதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டுமா?

கூறியது கூறல் என்று குறைப்பதற்கு முன்னால், அவன் காலத்தை வரிசைப்படுத்தக் கற்றுவிட்டான் என்பதற்கு "பிறகு" சான்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி, நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள உறவைக் காட்டுவது. தமிழில் அதற்கு வினையெச்சம் என்ற அருமையான கருவி இருக்கிறது. "மணி அடித்தது. பிறகு ஓடினான்" என்பதை "மணி அடித்ததும் ஓடினான்", "மணி அடித்தும் ஓடவில்லை", "மணி அடிக்குமுன் ஓடினான்" என்று மாற்றிப் பார்க்கச் சொன்னால், ஒவ்வொன்றிலும் வேறொரு கதை பிறப்பதை அவர்களே காண்பார்கள். ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கணத்தைத் தனியே கற்பிப்பது எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை என்றும், வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சி உயர்த்தியது என்றும் கண்டார்கள். மதிப்பிடும்போது நான் பார்ப்பது இணைப்புச் சொற்களின் எண்ணிக்கையை அல்ல. வேகமாகக் கடக்க வேண்டிய இடத்தில் எச்சங்கள் தொடர்ந்து ஓடுகின்றனவா, நிற்க வேண்டிய இடத்தில் வாக்கியம் குறுகி நிற்கிறதா என்பதையே.

கேள்வி: ஒரே தலைப்பை எல்லோருக்கும் கொடுத்து எழுதச் சொல்வதுதானே நியாயம்?

பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். "என் முதல் விமானப் பயணம்" என்று கொடுத்தால், பயணம் செய்யாத பிள்ளையின் தாளில் நாம் அளப்பது அதன் குடும்ப வசதியை. எழுத்துத் திறனை அல்ல. எவருக்கும் திறந்திருக்கும் தலைப்பாக, காத்திருந்தது, தொலைந்தது, சொல்லாமல் விட்டது என்பன போல இருக்கட்டும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் விடுங்கள். எந்தத் தலைப்பானாலும் ஒரு கதையை வைத்து ஒரு பிள்ளையின் திறனை முடிவு செய்யாதீர்கள். அன்று மனம் எங்கோ இருந்திருக்கலாம். அந்தத் தலைப்பில் சொல்ல எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆண்டு முழுவதும் எழுதியவற்றில் நான்கைந்தை ஒரு கோப்பில் சேர்த்து, அவற்றை ஒன்றாகப் படித்து முடிவு செய்வதே நம்பத்தக்கது. எந்தக் கதையைச் சேர்க்க வேண்டும், ஏன் என்பதை மாணவரே எழுதிக் கொடுத்தால், அந்தக் காரணமும் மதிப்பீட்டுக்கு உதவும்.

கேள்வி: வீட்டில் எழுதி வரும் கதைகளைப் பெற்றோரோ செயற்கை நுண்ணறிவோ எழுதியிருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் இருக்கிறது. என்ன செய்வது?

பிடிப்பதற்கான மென்பொருள்களை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்க வேண்டாம். அவை தவறு செய்கின்றன. கதை உருவாகும் வழியை மதிப்பீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வகுப்பில் எழுதிய முதல் வரைவு, அதில் அடித்தல் திருத்தல், இரண்டாம் வரைவு, பிறகு ஐந்து நிமிடப் பேச்சு. "இந்தப் பாத்திரத்தை ஏன் நடுவில் கொண்டுவந்தாய்? எதை எழுதிவிட்டு நீக்கினாய்?" என்று கேட்டால், தானே எழுதியவள் தயங்காமல் சொல்வாள், சில நேரம் நாம் நிறுத்தும் வரை சொல்வாள். மதிப்பெண் தரும் கதைகள் மட்டும் வகுப்பிலேயே எழுதப்படட்டும்.

கேள்வி: முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்தே முழுதாக வரவில்லை. அவர்களின் கதைத் திறனை எப்படி அறிவது?

கேட்டு அறிய வேண்டும். கையைவிட நாக்கு வெகு தூரம் முன்னால் ஓடும் வயது அது. சொற்களே இல்லாத நான்கு படங்களைக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சிலர் படத்தில் உள்ள பொருள்களின் பெயர்களை அடுக்குவார்கள். சிலர் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்வார்கள். சிலர் "அதனால்", "ஆனால்" என்று காரணத்தோடு கோப்பார்கள். ஆர்தர் ஆப்பிள்பீ 1978இல் சிறுவர்களின் கதைகளை இத்தகைய படிநிலைகளாகப் பகுத்துக் காட்டினார். எண் எதுவும் வேண்டாம். எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தேதியோடு குறித்து வைத்தால் போதும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பில் படிக்கிறேன். என் கதையில் நாய்க்குட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. கதை மகிழ்ச்சியாக முடியாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று தோழி சொல்கிறாள். முடிவை மாற்றிவிடட்டுமா?

மாற்றாதே அம்மா. நாய்க்குட்டி கிடைக்கவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. நான் திருத்துவதாக இருந்தால், அது கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு உன் கதையில் வருபவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பேன். தேடுவதை எந்த நாளில் நிறுத்தினாள்? அது படுத்திருந்த சாக்கை மடித்து வைத்தாளா, அங்கேயே விட்டாளா? "அனைத்தும் கனவு" என்றோ "இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்" என்றோ கடைசி வரியில் எழுதிவிடாதே. அந்தச் சாக்கை என்ன செய்தாள் என்பதை மட்டும் எழுதி, அங்கேயே முடித்துவிடு.